ஒரு வரிக்கு ஒருவர்

உறுப்பு மாற்று அறுவைக்கு அனுமதி தருவது ஏழு பேர் கொண்ட ஒரு குழு. அந்த ஏழு பேரும் அட்டவணையைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை. மேலே தலைப்புகள், கீழே கட்டங்கள், ஒரு வரிக்கு ஒரு ஆள். கடிதம் எழுதினால் பிரிக்க மாட்டார்கள். நேரில் போய் நின்றால் நிமிர மாட்டார்கள். ஆனால் மருத்துவமனைக் கணினியிலிருந்து வரும் கோப்பு அட்டவணையாக இருப்பதில்லை. அது நோயாளி என்று தொடங்கும். நோயாளிக்குள் நோய்கள், நோய்க்குள் மருந்துகள், மருந்துக்குள் வேளைகள் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். மனிதர்களும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறார்கள் என்பதால் மருத்துவமனைக்கு அதில் சிரமம் தெரியவில்லை. குழுவுக்குத் தெரிந்தது. ஆகவே நடுவில் ஓர் அலுவலகம் ஏற்பட்டது. உள்ளுக்குள் இருப்பதை வெளியே எடுத்து, பிரித்து, கட்டங்களில் அடைத்துக் குழுவுக்கு அனுப்புவது அதன் வேலை. தட்டைப்படுத்தல் இயக்ககம் என்று பெயர்.

லிஃப்ட் மெக்கானிக் அங்கே முதல்முறை போனபோது அவர் மனைவிக்கு ஐந்து வாரம் மிச்சமிருந்தது. சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோய், வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஊசி குத்துகிற குழாய்கள் கையில் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு, கடைசியில் தொடையில் ஒன்று மட்டும் பாக்கி. அது ஐந்து வாரம் தாங்கினால் அதிகம் என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் அதிகம் பேசாத பெண்மணி. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பழக்கமும் இல்லை.

நல்ல செய்தியும் ஒன்று இருந்தது. மனைவிக்கு இரட்டைப் பிறவியாக ஒரு தங்கை. பதினோரு நிமிடம் இளையவர். பள்ளி வேன் ஓட்டுபவர். அக்காவுக்கு முடியாமல் போனதும் பெட்டியோடு அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவருடைய சிறுநீரகம் அக்காவின் உடம்புக்குச் சொந்த உறுப்பைப் போலவே பொருந்தும் என்று பரிசோதனையில் தெரிந்தது. இவ்வளவு பொருத்தத்தைத் தன் வேலைக்காலத்தில் இரண்டு முறைதான் பார்த்திருப்பதாக மருத்துவர் சொன்னார். குழுவின் அனுமதி மட்டும் வந்தால் போதும்.

இயக்ககம் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. பழக்க தோஷத்தில் அவர் கதவின் இடுக்கில் காதை வைத்துப் பார்த்துவிட்டுப் படியேறினார். மேலே ஒரு கூடத்தில் ஐம்பது அறுபது பேர் மடியில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. மருத்துவமனையில்கூட மனிதர்கள் பக்கத்து ஆளிடம் உங்களுக்கு என்ன என்று கேட்பார்கள். இங்கே கேட்கவில்லை.

அவருக்கு ஒதுக்கப்பட்டவர் பிரிப்பு எழுத்தர். மெலிந்த, நாசூக்கான மனிதர். மேசையில் அளவுகோல், தண்ணீர்க் குவளை, சீப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக வைக்கப்பட்டிருந்தன. அவர் மருத்துவமனைக் கோப்பைத் திரையில் திறந்து, முகத்தைச் சுளித்தார். இவ்வளவு உள்ளே போகிற கோப்பை மருத்துவமனைக்காரர்கள் வெட்கமில்லாமல் எப்படி அனுப்புகிறார்கள் என்று கேட்டார். பிறகு ஒரு விசையை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது தாள் தயாராக இருந்தது.

"உங்க மனைவி மூணு பேரா வந்திருக்காங்க" என்றார்.

மெக்கானிக்கிற்குப் புரியவில்லை. எழுத்தர் பொறுமையாக விளக்கினார். கோப்பில் மூன்று நோய்கள் இருக்கின்றன: சிறுநீரகச் செயலிழப்பு, உயர் ரத்த அழுத்தம், ரத்தசோகை. ஒரு வரியில் ஒரு நோய்தான் எழுதலாம். ஆகவே மூன்று வரி. ஒரு வரிக்கு ஒரு ஆள் என்பது விதி. ஆகவே மூன்று ஆள். இப்போதுள்ள சிக்கல், சிறுநீரகம் கொடுக்க ஒருவர்தான் இருக்கிறார், வாங்க மூன்று பேர் இருக்கிறார்கள். முதலாமவர் ஏற்பதாகவும் மற்ற இருவரும் விட்டுக்கொடுப்பதாகவும் எழுதித் தந்தால் முதல் வரியைக் குழுவுக்கு அனுப்பலாம்.

மெக்கானிக் வீட்டுக்குப் போய் மனைவியிடம் மூன்று தாள்களில் கையெழுத்து வாங்கிவந்தார். எழுத்தர் மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று பெண்களின் கையெழுத்தும் ஒன்றுபோல இருப்பது சந்தேகத்துக்கு இடமளிக்கிறது என்று சொல்லி, போலிக் கையொப்பப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஐந்து நாள் ஆனது. கையெழுத்துகள் ஒரே ஆளுடையவை என்று அந்தப் பிரிவு கண்டுபிடித்து, மெக்கானிக்கின் மேல் வழக்குத் தொடரலாமா என்று கேட்டு எழுதியது. அவருடைய வேலையைப் பார்த்தால் அவ்வளவு திறமை இருக்காது என்று எழுத்தர் பரிந்து பேசிக் காப்பாற்றினார்.

வீட்டில் மச்சினி கேட்டார்: "இன்னைக்குக் கட்டம் என்ன சொல்லுச்சு மாமா?" எழுத்தருக்கு அவர் வைத்த பெயர் அது.

"உங்க அக்கா மூணு பேராம்."

"ஒண்ணையே சமாளிக்க முடியாம நீங்க படுறது அதுக்குத் தெரியாதுபோல."

மனைவி வீங்கிய கால்களை ஒரு தலையணைமேல் தூக்கி வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டிலேயே பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தவர். தையல் இயந்திரத்தின்மேல் இப்போது மாத்திரை டப்பாக்கள் இருந்தன.

அடுத்த வாரம் எழுத்தர் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று நோய்களையும் ஒரே கட்டத்தில், நடுவில் காற்புள்ளி போட்டு எழுதிவிடலாம். எழுதினார். ஆனால் காற்புள்ளியைக் கண்டால் கட்டம் முடிந்தது என்று எடுத்துக்கொள்வது இயந்திரத்தின் வழக்கம். முதல் நோய் தன் கட்டத்தில் உட்கார்ந்தது. மற்ற இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களில் ஏற, அங்கே இருந்தவை எல்லாம் இரண்டிரண்டு இடம் வலப்பக்கம் நகர்ந்தன.

எழுத்தர் தாளை நீட்டிப் படித்துக் காட்டினார். நோய்: சிறுநீரகச் செயலிழப்பு. வயது: உயர் ரத்த அழுத்தம். கணவர் பெயர்: ரத்தசோகை. தொழில்: நாற்பத்தொன்று. முகவரிப் பத்தியில் மெக்கானிக்கின் பெயர் இருந்தது. ரத்த வகை: தையல்.

"ரத்தசோகைங்கிறவர் வரலையா?" என்று கேட்டார்.

மெக்கானிக், நான்தான் கணவர் என்றார். எழுத்தர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். தாளின்படி அவர் முகவரி. முகவரி வந்து மனுக் கொடுக்க விதியில் இடமில்லை. காற்புள்ளியை எடுத்துவிட்டுத் திரும்பத் தட்டினால் போதுமே என்று மெக்கானிக் மெல்லக் கேட்டார். அச்சாகி எண் போட்ட தாளைத் திருத்த மூன்று மாதம் ஆகும் என்றும், மனிதரைத் திருத்த ஒரு வாரத்தில் முடியும் என்றும் எழுத்தர் சொன்னார். நோட்டரி ஒருவரிடம் போய், தனக்கு ரத்தசோகை என்றொரு பெயரும் உண்டு என்று எழுதி வாங்கி வந்துவிட்டால் போதும்.

நோட்டரி விவரமான ஆள். எந்த வயதிலிருந்து அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டார். மெக்கானிக் யோசித்து, இந்த வாரத்திலிருந்து என்றார். நோட்டரி அதைச் சிறுவயது முதல் என்று மாற்றி எழுதிக்கொண்டார்.

அன்று வீட்டில் மச்சினி அந்தத் தாளைச் சத்தமாகப் படித்துவிட்டு, ரத்தசோகை மாமா சாப்பிட வாங்க என்று கூப்பிட்டார். மனைவி சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. வந்த சிரிப்பு நிற்காமல் இளைப்பாக மாறி, இருவரும் அவரைத் தூக்கி உட்கார வைத்து முதுகைத் தேய்க்க வேண்டியதாயிற்று. அதற்குள் சோறு தட்டில் ஆறிப்போனது.

சான்றிதழை இயக்ககம் ஏற்றுக்கொண்டது. குழு ஏற்றுக்கொள்ளவில்லை. தையல் வகை ரத்தம் உள்ள கொடுப்பவர் கிடைத்திருப்பதற்கான ஆதாரம் எங்கே என்று ஒரே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியது. தொடைக் குழாயில் ரத்தம் மந்தமாக ஓடுவதாக அந்த வாரம் மருத்துவமனையில் சொன்னார்கள். மூன்று வாரம்கூடச் சந்தேகம்.

குழுவே திருப்பி அனுப்பிய தாளைப் புதிதாகத் தட்டலாம் என்பது விதி. எழுத்தர் இந்தமுறை ஆபத்தான விஷயங்களில் இறங்கவில்லை. முதல் நோயை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கினார். வரி அழகாக, ஒரே நீளத்தில் வந்தது. அவருக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

"ரத்த அழுத்தம் போயிடுச்சு. ரத்தசோகையும் போயிடுச்சு. பாதி குணமாயிட்டாங்கன்னே வெச்சுக்குங்க" என்றார்.

இனிக் கொடுப்பவரின் விவரம்தான். கோப்பில் அது நோயாளிக்குள்ளே இருந்தது. எழுத்தர் அதை வெளியே எடுத்துக் கீழே இன்னொரு வரியாக வைத்தார். அக்கா ஒரு வரி, தங்கை ஒரு வரி. மெக்கானிக் அந்த இரண்டு வரிகளையும் திரையில் கண்ணால் பார்த்தார். பிற்பாடு பல நாள் அவர் நினைத்துப் பார்த்துக்கொண்டது அந்த ஒரு நிமிடத்தைத்தான். அவர்கள் அங்கே ஒருவர்கீழ் ஒருவராக இருந்தார்கள்.

எழுத்தர் சேமிக்கும் விசையை அழுத்தினார். இரண்டு வரிகளும் ஒன்றாயின.

இதில் குற்றம் சொல்ல யாருமில்லை. ஒவ்வொருவருக்கும் பதினாறு இலக்கத்தில் ஒரு குடிமக்கள் எண் உண்டு. இரட்டைப் பிறவிகள் என்பதால் அடுத்தடுத்துப் பதிந்திருந்தார்கள். அக்காவின் எண் ஏழில் முடியும், தங்கையின் எண் எட்டில் முடியும். இயக்ககத்தின் அட்டவணை பதினைந்து இலக்கம் வரைதான் நினைவில் வைத்துக்கொள்ளும். பதினாறாவதைச் சுழியமாக்கிவிடும். பிறகு எண், பிறந்த நாள், பெற்றோர், ரத்த வகை, முகவரி எல்லாம் ஒத்துப்போகிற வரிகளை இரட்டிப்பு என்று கருதி ஒன்றை நீக்கும். பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், ஆளின் பெயருக்கான பத்தி இடத்தை அடைக்கிறதென்று போன வருடமே எடுத்தாயிற்று. கணவர் பெயருக்கான பத்தியை எடுக்க மறந்திருந்தார்கள். அதில் இருவரும் ஒத்துப்போகவில்லைதான். மச்சினிக்குக் கணவர் இல்லை. காலியான கட்டத்தை இயந்திரம் பக்கத்து வரியைப் பார்த்து நிரப்பிக்கொண்டது.

மிச்சமிருந்த ஒரு வரியில், பங்கு என்ற தலைப்பின் கீழ், பெறுபவர்-கொடுப்பவர் என்று இருந்தது.

மெக்கானிக் கைகூப்பினார். எழுத்தரும் சற்றுக் கலங்கினார். ஆனால் இரட்டிப்பு நீக்கம் இயக்குநரின் சொந்தத் திட்டம், அதில் கைவைத்தால் வேலை போய்விடும் என்றார். வேண்டுமானால் இயக்குநரைப் பார்க்க நேரம் வாங்கித் தருவதாகச் சொன்னார். வியாழக்கிழமை பதினோரு மணி. சம்பந்தப்பட்டவரை அழைத்து வரவேண்டும்.

மனைவியால் நான்கு மாடி ஏற முடியாது. புதன்கிழமை மெக்கானிக் தன் கருவிப்பையோடு போய், யாரையும் கேட்காமல், கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். கதவின் மின்தொடுப்பு ஒன்று துருவேறியிருந்தது. இருபது நிமிட வேலை. லிஃப்ட் மூச்சு விட்டுக்கொண்டு மேலே போய் வந்தது. மறுநாள் அவர்கள் மூவரும் அதில் ஏறியபோது வேறு யாரும் ஏறவில்லை. ஊழியர்கள் இரைக்க இரைக்கப் படியில் போய்க்கொண்டிருந்தார்கள். பழுது என்று அட்டவணையில் இருக்கும்வரை அதில் ஏறுவது முறையல்ல என்று காவலர் சொன்னார். உள்ளே இருந்தவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழுதான லிஃப்டில் ஆள் இருக்க முடியாது.

இயக்குநரின் அறையில் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட தாள்கள். ஒவ்வொன்றும் ஒரு பழைய பட்டியல், பக்கத்தில் அதே பட்டியல் இளைத்துப்போய். அவர் பருத்த, கனிவான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். இருந்தது ஒரு நாற்காலிதான். சம்பந்தப்பட்டவர் ஒருவர் என்று குறிப்பில் இருந்ததால் ஒன்று போட்டிருந்தார்கள். மனைவி உட்கார, தங்கை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். ஒரே மூக்கு, ஒரே நெற்றி. ஒரு முகம் வீங்கியிருந்தது, மற்றது இல்லை.

மெக்கானிக் நடந்ததை எல்லாம் சொன்னார். பேசிப் பழக்கமில்லாதவர் என்பதால் முன்னும் பின்னுமாகச் சொன்னார். இயக்குநர் தலையசைத்துக்கொண்டே கேட்டார். அப்புறம் அவர் பேசினார். அது அவர் பலமுறை பேசிய பேச்சு என்பது அதன் வழவழப்பில் தெரிந்தது.

"நான் பொறுப்பேத்தப்போ காத்திருப்போர் பட்டியல்ல பதினெட்டாயிரம் பேர். பக்கம் புரட்டவே ஒரு ஆள் வெச்சிருந்தாங்க. இன்னைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். ஒரு அறுவை கூடுதலாப் பண்ணல, ஒரு மருத்துவரை நியமிக்கல. வெறும் ஒழுங்குதான். ஜனங்க தங்களைப் பத்தி அதிகமாச் சொல்றாங்க, அதான் பிரச்சினையே. எனக்கு ரெண்டு நோய், எனக்கு அஞ்சு பிள்ளை, எனக்கு ஒரு தங்கச்சி. எதுக்கு? ஒரு மனுஷனை ஒரு வரியில சொல்ல முடியலைன்னா வரியில கோளாறு இல்லை, அந்த ஆள்கிட்ட கோளாறு. எங்க அம்மாவையே நான் ஒரு வரியில வெச்சிருக்கேன். தாராளமா இடம் இருக்கு."

சுவரில் எங்கோ குளிர்சாதனம் சொட்டியது.

"சார், நான் இங்கதான நிக்கிறேன்?" என்றார் தங்கை.

"நிக்கிறீங்கம்மா."

"எங்க அக்கா உக்காந்திருக்கா."

"ஆமா."

"அப்ப ரெண்டு பேர்தான?"

"என் கண்ணுக்கு ரெண்டு பேர்தான். நான் இல்லைங்கலையே. ஆனா கண்ணால பார்த்ததைப் போடறதுக்குப் பத்தி இல்லை."

"பத்தி ஒண்ணு சேருங்க. கையில எழுதுங்க. எங்க ரெண்டு பேரோட கையிலயும் பச்சை குத்தி வேணா அனுப்புங்க, இது ஏழு, இது எட்டுன்னு."

இயக்குநர் அதற்குக் கோபப்படவில்லை. அப்படிக் கேட்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாகப் பத்தி போட்டால் அட்டவணை பக்கவாட்டில் வளர்ந்துகொண்டே போகும் என்றும், குழுவின் மேசை மூன்றரை அடிதான் என்றும் சொன்னார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, வலிக்கிறதா அம்மா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். மனைவி அவரையே பார்த்தார். அந்தப் பார்வை நீண்டுகொண்டே போக, இயக்குநர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தார். வரியைக் குழுவுக்குப் பரிந்துரையோடு அனுப்புவதாக வாக்களித்தார். அதைச் செய்யவும் செய்தார்.

எட்டாம் நாள் உத்தரவு வந்தது. மெக்கானிக் அதை மருத்துவமனை வராந்தாவில் நின்று இரண்டு முறை படித்தார். புரியாமல் மச்சினியிடம் கொடுத்தார். மச்சினி படித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். தொடையில் வைத்த குழாய் அன்று காலைதான் முழுதாக அடைத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் தற்காலிகமாக ஒன்று போட்டிருந்தார்கள். அது நாள் கணக்குத்தான்.

உத்தரவில் இருந்தது இதுதான்: கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே என்று தெரியவருவதால், இது ஒரே உடலுக்குள் ஓர் உறுப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றும் செயலாகும். இதற்கு இக்குழுவின் அனுமதி தேவையில்லை. விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படுகிறது. ஏழு கையெழுத்துகள்.

அவர்கள் அதை அறுவை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள், வேறு போக இடம் இல்லை என்பதால். மருத்துவர் நின்றபடி படித்தார். உட்கார்ந்து மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சன்னல் வழியே வெகுநேரம் வெளியே பார்த்தார். மெக்கானிக் அவர் அழுகிறாரோ என்று நினைத்தார்.

"தேவையில்லைன்னு எழுதியிருக்காங்க" என்றார் மருத்துவர்.

"ஆமாங்க. தள்ளிட்டாங்க."

"இல்லை. தேவையில்லைன்னு எழுதியிருக்காங்க. ஒரு உடம்புலேர்ந்து இன்னொரு உடம்புக்குப் போனாத்தான் நான் அவங்களைக் கேக்கணும். போகலைன்னு ஏழு பேர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க." அவர் தாளை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க."

போகும்போது ஒன்று மட்டும் சொன்னார். இந்த மாதத்திலிருந்து மருத்துவமனையின் கட்டில், மருந்து, சாப்பாடு எல்லாம் இயக்ககத்தின் அட்டவணைப்படிதான் வார்டுக்கு வருகின்றன. ஆகவே எல்லாம் ஒரு ஆளுக்குத்தான் வரும். அறுவைக்கூடத்துக்குள் நடப்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், வெளியே வந்தபின் நடப்பது தன் கையில் இல்லை என்றும் சொன்னார். தங்கை, அதெல்லாம் ஒரு விஷயமா என்றார். மெக்கானிக்கிற்கும் அப்போது அது ஒரு விஷயமாகப் படவில்லை.

காலை ஏழு மணிக்கு உள்ளே போனார்கள். பக்கத்துப் பக்கத்து அறைகள். மயக்க மருந்தை மருத்துவர் எங்கிருந்தோ இரண்டு பேருக்குத் தேற்றினார். மெக்கானிக் வராந்தாவில் அந்த மருத்துவமனை லிஃப்டின் கதவு திறந்து மூடுவதை எண்ணிக்கொண்டிருந்தார். முந்நூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை தவறியது. பன்னிரண்டேகாலுக்கு மருத்துவர் வெளியே வந்து, பொருத்திய சிறுநீரகம் மேசையிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று சொன்னார். சொன்னதை அவராகவே இன்னொரு முறை சொன்னார்.

வார்டில் ஒரு கட்டில் இருந்தது. அதில் மனைவியைப் போட்டார்கள். தங்கை வந்த தள்ளுவண்டியைக் கட்டிலை ஒட்டி நிறுத்தி, சக்கரத்துக்குச் செங்கல் வைத்தார்கள். ஒரு போர்வை. மெக்கானிக் அதை நீளவாக்கில் பிடித்து இருவர்மேலும் படும்படி விரித்தார். மனைவியின் கட்டிலடியில் தொங்கிய பையில் மஞ்சளாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல்முறை. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிவாக்கில் இருவருக்கும் மயக்க மருந்தின் பிடி விட்டது. முதலில் தங்கைக்குத்தான் முகம் மாறியது. விலாவின் கீழே ஒரு சாண் நீளம் திறந்து மூடிய இடம். மனைவி உதட்டைக் கடித்தார். இருவரும் கத்தவில்லை, பற்களின் இடுக்கு வழியாக மூச்சு மட்டும் போய் வந்தது. மெக்கானிக் ஓடிப்போய் நர்ஸை அழைத்து வந்தார்.

நர்ஸ் நடுவயதுக்காரர். காலையிலிருந்து உட்காராதவர் என்று பாதங்களின் வீக்கத்தில் தெரிந்தது. கையில் ஒரு தட்டு, தட்டில் வலிக்கான ஊசி ஒன்று. கட்டிலைப் பார்த்தார், தள்ளுவண்டியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு வரிதாங்க இருக்கு" என்றார். "பூட்டி வெச்சு எண்ணிக் குடுக்கிற மருந்து. ஒரு வரிக்கு ஒண்ணு."

ஆளுக்குப் பாதி போட முடியுமா என்று மெக்கானிக் கேட்டார். நர்ஸ் மறுத்துத் தலையசைத்தார். போட்டது, போடாதது என்று இரண்டு கட்டங்கள்தான் இருக்கின்றன. பாதி என்று எழுத இடமில்லை. எழுதாமல் போட்டால் நாளை எண்ணும்போது தன் வேலை போகும். அவர் குரலில் கடுமை இல்லை. தனக்கும் வீட்டில் மூன்று பேர் இருப்பதாகச் சொன்னார்.

"நீங்க சொல்லுங்க. யாருக்குப் போட?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். ஒரு பக்கம் பதினாறு வருடம் கூட வாழ்ந்தவர். ஒரு பக்கம் கேட்காமலே தன் உடம்பைத் திறந்து கொடுத்தவர். வார்டில் யாரோ ஒரு பாத்திரத்தை நகர்த்தினார்கள். நர்ஸ் காத்திருந்தார்.

"எனக்கு வேணாம்."

சொன்னது மனைவி. சொன்னது தங்கை. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன, ஒரே தேய்ந்த குரலில், ஒரே மூச்சில். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைகளில் குழாய் மாட்டியிருந்ததால் சுட்டிக்காட்டக்கூட முடியவில்லை.

நர்ஸ் தாளைப் புரட்டினார். தாளில் ஓரிடத்தில் ஒரு வாக்கியத்துக்கு இடம் இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்து, நான்கு பத்து என்று எழுதி, பக்கத்தில், நோயாளி ஊசி வேண்டாம் என்று மறுத்துவிட்டார் என எழுதினார். கணவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். மெக்கானிக் போட்டார்.

ஊசியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போன நர்ஸ், கதவருகே நின்று திரும்பினார்.

"எட்டு மணிக்கு அடுத்தது வரும். அப்ப யாராவது ஒருத்தர் வேணும்னு சொல்லுங்க. யார் சொன்னாலும் எனக்குச் சரிதான்."

மெக்கானிக் கட்டிலுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தார். நாலேகால் ஆகியிருந்தது. வேண்டும் என்று சொல்லும்படி இருவரில் ஒருவரைக் கெஞ்ச வேண்டும். அவர் இடப்பக்கம் பார்த்தார். போர்வையின் ஒரு முனை பற்களுக்கிடையே கடிபட்டிருந்தது. வலப்பக்கம் பார்த்தார். மறுமுனை.